பீரங்கிக்கு வரன் பார்த்த கதை

கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் திருவிடந்தைக்குப் போவது எங்கள் தொண்டை நாட்டு வழக்கம். காலவ ரிஷியின் 360 பெண்களையும் நாளைக்கு ஒருவராகக் கைப்பிடித்த நித்யகல்யாணப் பெருமாள் அங்கே எழுந்தருளியிருக்கிறார். அவருக்கு மாலை சாத்தி, ஒரு மாலையைத் தான் போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றி, அதை வீட்டில் கொண்டுவந்து பத்திரமாக வைக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் தம்பதியாகப் போய் அந்தக் காய்ந்த மாலையைக் கோயிலில் சேர்த்துவிட வேண்டும்.

2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை, நாட்டின் பெரிய ஆயுதக் கண்காட்சியான டிஃபெக்ஸ்போவை நடத்த இதே திருவிடந்தையைத் தேர்ந்தெடுத்தவரின் இடப் பொருத்த ஞானத்தை எத்தனை மெச்சினாலும் தகும். வரன் தகையாமல் வருஷக்கணக்கில் நிற்கிற பீரங்கியையும் போர் விமானத்தையும் வேறு எந்த ஊருக்குத்தான் அழைத்துப் போவது?

எங்கள் இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பேட்டை டீக்கடையில் நின்றால், நன்றி கெட்ட கேள்வி ஒன்று காதில் விழும். “இந்த மாதிரி கண்காட்சிக்குப் போனா வாங்குறவனுக்கு என்னங்க பிரயோஜனம்?” ஷிப்ட் முடிந்த களைப்பில் கேட்கிறார்கள், மன்னித்துவிடலாம். ஆனாலும் பதில் சொல்லாமல் விடக்கூடாது. வாங்குகிறவர்களில் மூன்று வகை உண்டு. மூன்று பேருக்கும் கண்காட்சி செய்திருக்கும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலாமவர் பொதுஜனம். அமெரிக்காவில் உள்ளூருக்கு உள்ளூர் துப்பாக்கிச் சந்தை கூடுகிறது. வாரக் கடைசியில் திடலில் மேசை போட்டுத் துப்பாக்கியைப் பரப்புகிறார்கள். சனங்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பேரம் பேசுகிறார்கள். கடையைவிட இங்கே விலை குறைவுதானா, டிக்கெட் காசும் பெட்ரோல் காசும் கட்டுப்படியாகுமா, பழைய துப்பாக்கியைத் தலையில் கட்டிவிடுவார்களா என்று அந்த மக்களுக்கு ஓயாத விசாரம். நம் அரசு நம்மை அந்த விசாரத்திலிருந்து 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் விடுவித்துவிட்டது. கலெக்டரிடமோ கமிஷனரிடமோ லைசென்ஸ் வாங்காமல் ஒரு தோட்டாகூட வைத்துக்கொள்ள முடியாது. லைசென்ஸ் வாங்கினவரும் மூன்று துப்பாக்கி வைத்திருந்த காலம் போய், 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தேர்தல் வந்தால் அதையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுக் கைவீசி நடக்கலாம்.

இப்படிப்பட்ட நாட்டில் ஆயுதக் கண்காட்சிக்குப் போகிறவர் ஏமாறுவது எப்படி? திருவிடந்தையில் கடைசி நாளான ஏப்ரல் 14-இல் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். அன்று சித்திரை முதல் நாள். வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்ட கையோடு டாங்கியைப் பார்க்கப் போகலாம். விலை கேட்க வேண்டாம், பேரம் வேண்டாம், வீட்டில் எங்கே நிறுத்துவது என்று மனைவியோடு சண்டை வேண்டாம். டாங்கி முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், போட்ட சட்டையோடும் வைத்த பணத்தோடும் வீடு திரும்பலாம். வாங்குகிறவருக்கு ஒரு பைசா நஷ்டம் வராத சந்தை இந்தப் பூமியில் இது ஒன்றுதான்.

ஆசை அடங்காதவருக்கு எங்கள் தொழிற்பேட்டைத் தடத்திலேயே மாற்று ஏற்பாடும் இருக்கிறது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் உள்ளன. அந்தக் கம்பெனியின் பழைய சின்னம் பீரங்கி. துப்பாக்கியைப் போலச் செய்தது என்பது பழைய விளம்பர வாசகம். வண்டியின் பெயரோ புல்லட். கலெக்டர் லைசென்ஸ் தேவையில்லை, ஆர்.டி.ஓ. லைசென்ஸ் போதும். 1950-களின் தொடக்கத்தில் எல்லையில் ரோந்து போக நம் ராணுவத்துக்கு மோட்டார் சைக்கிள் வேண்டியிருந்தது. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள், வாங்கினார்கள், 1955-இல் திருவொற்றியூரில் தயாரிப்புக்கே வழி பிறந்தது. பாவம், கண்காட்சி வசதி இல்லாத காலம். அதனால்தான் அவ்வளவு அவசரம்.

இரண்டாமவர் பெரிய இடத்து மாப்பிள்ளை: ராணுவத்துக்கு வாங்கிக் கொடுக்கும் பாதுகாப்பு அமைச்சகம். இவரைப்போலப் பொறுமையாகப் பெண் பார்க்கும் மாப்பிள்ளையை உலகத்தில் காட்ட முடியாது. 1986 மார்ச்சில் ஸ்வீடனின் போஃபர்ஸ் கம்பெனியோடு 410 பீரங்கிகளுக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டே கமிஷன் விவகாரம் வெடித்தது, அரசியலே புரண்டது. ஒருமுறை சூடுபட்டவர், அடுத்து வெளிநாட்டில் ஒரு இழுவைப் பீரங்கி வாங்கக் கையெழுத்துப் போட்டது 2016 நவம்பரில். இடையில் முப்பது வருஷம். அந்தக் காலத்தில் டிஃபெக்ஸ்போ 1999-இல் தொடங்கி, பெரும்பாலும் தில்லியில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூடி, எத்தனையோ பீரங்கிகளுக்கு பஜ்ஜி சொஜ்ஜி பரிமாறியாயிற்று. கடைசியில் வாங்கிய 145 எம்-777 பீரங்கிகளோ, அமெரிக்க அரசிடம் இந்திய அரசு நேராகப் பேசி முடித்த சம்பந்தம். பந்தலுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

இதற்குள் இன்னொரு நயமும் உண்டு. 1986 ஒப்பந்தத்தோடு பீரங்கியின் வரைபடங்களும் நமக்கு வந்திருந்தன. அவசரப்பட்டு யாரும் அவற்றைப் பிரித்துவிடவில்லை. கால் நூற்றாண்டு கட்டிவைத்த பிறகு, நம் அரசுத் தொழிற்சாலைகளே அவற்றை எடுத்து ‘தனுஷ்’ பீரங்கியைச் செய்தன. முதல் ஆறு 2019 ஏப்ரலில் ராணுவத்தின் கைக்குப் போயின. வெளியூரில் வரன் தேடும்போது மாமன் மகள் வீட்டிலேயே இருப்பது எப்போதும் கடைசியில்தானே ஞாபகம் வரும்!

விமானக் கதை இன்னும் ருசி. 2007-இல் 126 போர் விமானங்களுக்கு டெண்டர் விட்டார்கள். ஆறு கம்பெனிகள் போட்டி. பாலைவன வெயிலிலும் லடாக் குளிரிலும் பறந்து காட்டின. 2012-இல் பிரான்சின் ரஃபேல் குறைந்த விலை என்று அறிவித்தார்கள். 2015-இல் அந்த டெண்டரே இல்லை என்றாயிற்று. 2016-இல் 36 ரஃபேல்களை அரசுக்கும் அரசுக்குமாகப் பேசி வாங்கினார்கள். பிறகு 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி, திருவிடந்தைப் பந்தல் திறக்க ஐந்து நாள் இருக்கையில், 110 விமானங்களுக்கு மறுபடியும் விவரம் கேட்டுக் கடிதம் போனது. பந்தலுக்குள்ளேயே அமெரிக்காவின் போயிங், எச்.ஏ.எல்., மகிந்திரா மூவரும் எஃப்-18 விமானத்துக்காகக் கைகோத்தார்கள். கடற்படை 2025 ஏப்ரலில் 26 விமானம் வாங்கியபோது அவை மறுபடியும் ரஃபேல். மறுபடியும் அரசுக்கும் அரசுக்கும். பெண் பார்க்கப் பத்து வீடு போவதும், தாலியைத் தரகரில்லாமல் தனியே பேசிக் கட்டுவதும் ஒரு நளினம். அந்த நளினம் எல்லா மாப்பிள்ளைக்கும் வராது.

பெண் வீட்டாரை அலைக்கழிப்பதாகச் சிலர் குறை சொல்வார்கள். அநியாயம். ‘நோ காஸ்ட், நோ கமிட்மென்ட்’ என்றே முறையை வைத்திருக்கிறார்கள். பொருளை உங்கள் செலவில் மலைக்கோ பாலைவனத்துக்கோ கொண்டுவந்து ஓட்டிக்காட்டலாம். பார்ப்பவர் செலவழிக்க மாட்டார், வாங்குவதாக வாக்கும் கொடுக்க மாட்டார். இதைவிட வெளிப்படையாக எந்தச் சம்பந்தி பேசியிருக்கிறார்? நிச்சயதார்த்த விழாவுக்குப் பெயரே ‘பந்தன்’ என்று வைத்துவிட்டார்கள். 2022 அக்டோபரில் காந்திநகரில் நடந்த டிஃபெக்ஸ்போவில் புரிந்துணர்வு ஒப்பந்தம், அறிவிப்பு, அறிமுகம் எல்லாம் சேர்த்து 451. ஐந்து நாளில் 451! நித்யகல்யாணப் பெருமாளுக்கே 360-க்கு ஒரு வருஷம் பிடித்தது.

திருவிடந்தைக் கண்காட்சியில் ஒரே ஒரு களங்கம் உண்டு. நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும். சிறு கம்பெனிகளும் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களும் ராணுவத்துக்குப் புதுச் சரக்கு செய்துகொடுக்கப் பணம் தரும் ‘ஐடெக்ஸ்’ திட்டத்தைப் பிரதமர் அங்கே தொடங்கிவைத்தார். கண்காட்சி நடுவே இப்படி உருப்படியான காரியம் எப்படி நுழைந்தது என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

மூன்றாமவர்தான் முக்கியமானவர். கண்காட்சியில் நிஜமாகவே பையிலிருந்து பணம் எடுத்து வாங்குகிறவர் அவர் ஒருவரே: விற்க வந்த சிறுதொழில்காரர்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருங்காட்டுக்கோட்டையில் நாலு சி.என்.சி. மெஷின் வைத்திருக்கிறார். கார் கம்பெனிக்குச் சப்ளை செய்கிற கம்பெனிக்குச் சப்ளை செய்கிற கம்பெனிக்கு ஜாப் ஒர்க். தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2018-இல் அறிவிப்பு வந்ததும் அவருக்குள் ஒரு பீரங்கி முழங்கியது. ஒரு கண்காட்சியில், எது என்பது இங்கே முக்கியமில்லை, ஸ்டால் எடுத்தார். ஒன்பது சதுர மீட்டர் இடம் வாங்கினார். கார்ப்பெட் வாங்கினார். கூடுதல் நாற்காலி, கூடுதல் விளக்கு, பிளக் பாயின்ட் எல்லாம் தனித்தனியாக வாங்கினார். அலுமினியத்தில் கடைந்த ஒரு பிராக்கெட்டை ஆயில் துடைத்து, அக்ரிலிக் பெட்டிக்குள் நீல வெல்வெட்டின்மேல் உட்காரவைத்து, மேலே ஸ்பாட் லைட் போட்டார்.

“கூட்டம் எப்படிப்பா?” என்று கேட்டேன்.

“செம கூட்டம்ணே. காலேஜ் பசங்க பை கேட்டாங்க. பேங்க்காரர் கரன்ட் அக்கவுன்ட் ஓபன் பண்ணச் சொன்னார். பக்கத்து ஸ்டால்காரர் அவருக்கே ஆர்டர் இருந்தா சொல்லுங்கன்னு கார்டு குடுத்தார்.”

“வாங்குறவங்க யாரும் வரலையா?”

“கடைசி நாள் ஒரு ஆபீசர் வந்தாருண்ணே. கையில எடுத்துப் பாத்து, நைஸ் ஃபினிஷ்னு சொன்னார். மொத்தச் செலவும் அந்த ஒரு வார்த்தைக்குத் தகும்.”

அந்த அதிகாரி அடுத்த மாதமே மாற்றலாகிப் போனார். ஃபினிஷ் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆயுதக் கண்காட்சி எங்கள் சீமைக்குப் புதிதில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான், தகடூர் அதியமான் அனுப்பிய தூதராக வந்த ஔவையாருக்குத் தன் ஆயுதச் சாலையைச் சுற்றிக் காட்டினான். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அந்தப் பார்வையாளர் குறிப்புத்தான். இங்கே ஆயுதங்கள் தோகை கட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலுக்குள் மினுங்குகின்றன, அங்கே அதியமானுடையவையோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் தொண்டைமானுக்கு விழுந்த குட்டு என்று நடத்தினார்கள். நான் தொண்டைமான் கட்சி. அவன் சாலையில் எல்லாம் அதது அதன் இடத்தில் இருந்தது. துருவில்லை, கீறல் இல்லை, தரையில் எண்ணெய் இல்லை. அதியமானின் ஆயுதம் எங்கே என்று கேட்டால் ‘ரிப்பேருக்குப் போயிருக்கிறது’ என்ற பதில். பட்டறை ஒழுங்கைச் சோதிக்கும் எங்கள் ஊர் ஃபைவ்-எஸ் ஆடிட்டர் வந்திருந்தால் தொண்டைமானுக்கு ஷீல்டு. அதியமானுக்கு வார்னிங் லெட்டர்.

அந்த அதியமான் புத்தி இந்தத் தடத்தில் இன்னும் போகவில்லை என்பதுதான் என் வருத்தம். ஹூண்டாய் 1996-இல் இங்கே வந்து, 1998-இல் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது. கூடவே கொரியாவிலிருந்து உதிரிபாகக் கம்பெனிகளும் வந்து சுற்றிலும் குடியேறின. பொருள் வேண்டும் என்றால் அவர்கள் பட்டறைக்கே வருகிறார்கள். வெல்வெட் கேட்பதில்லை. கூலன்ட் சொட்டச் சொட்ட ஒரு பீஸை எடுத்து வெர்னியர் வைக்கிறார்கள். மெஷின் எத்தனை, ஷிப்ட் எத்தனை, ரிஜெக்‌ஷன் எவ்வளவு என்று குடைகிறார்கள். விலையைக் கீழே தள்ளுகிறார்கள். பிறகு மாசா மாசம் ஆயிரக்கணக்கில் வாங்கித் தொலைக்கிறார்கள். அழகுணர்ச்சி இல்லாத கூட்டம். அவர்கள் வாங்கின பாகங்கள் இந்நேரம் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் சேறும் புழுதியுமாக ஓடிக்கொண்டிருக்கும், அதியமான் வேலைப்போல.

போன ஆயுத பூஜைக்கு நண்பரின் பட்டறைக்குப் போயிருந்தேன். மெஷின்களைக் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஸ்பானர், வெர்னியர், டூல் ஹோல்டர் எல்லாம் வரிசையாகப் படையலில் இருந்தன. நடுநாயகமாக அந்த அக்ரிலிக் பெட்டி. பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஒரு வாரம் கழித்து வேறு வேலையாகப் போனபோது ஸ்பானரில் மறுபடி கிரீஸ், வெர்னியரில் கைரேகை, மெஷின்களில் இருந்த மாலைகளைக் காணோம். கழற்றாமல் வேலை ஓடாதே. பெட்டி மேல் மாலை மட்டும் சருகாகத் தொங்கியது.

“இதையும் எடுத்துப் போட வேண்டியதுதானே தம்பி?” என்றேன்.

“இருக்கட்டும்ணே,” என்றார். “ஆர்டர் வந்ததும் திருவிடந்தையில கொண்டுபோய்ச் சேத்துடலாம்.”