கேளுங்கள், கழற்றிக் காட்டுகிறேன்!

கே: கார் ஏசியில் கூலிங் காயில் ஓட்டையாம். காயில் விலையைவிட மாற்றும் கூலி அதிகமாக இருக்கிறதே, அடுக்குமா? (கரூர் வாசகர்)

ப: 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று சொல்லிவைத்த பெரியவரிடம் கார் இல்லை, அனுபவம் இருந்திருக்கிறது. பல தொழிற்சாலைகளில் ஏசி பெட்டியையும் டேஷ்போர்டையும் ஒன்றாகக் கோத்து, கதவு மாட்டாத வண்டிக்குள் அப்படியே நுழைத்துவிடுவார்கள். மெக்கானிக்குக் கிடைப்பதோ, கதவும் சீட்டும் மாட்டி முடித்த வண்டி. கூலி காயிலுக்கு அல்ல, அது இருக்கும் இடத்துக்குப் போய்வரும் வழிச்செலவு.

கே: அப்படி எவ்வளவு நேரம்தான் ஆகும்? (திண்டுக்கல் வாசகி)

ப: மாடலைப் பொறுத்து ஐந்து மணி நேரம் முதல் பத்து மணி நேரம் வரை. கேஸை வெளியே எடுக்க வேண்டும். ஸ்டீயரிங், மீட்டர், ஸ்டீரியோ, கன்சோல் என்று ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்தையும் பல வண்டிகளில் கழற்ற வேண்டும். பிறகு எல்லாவற்றையும் மாட்டி, வேக்குவம் போட்டு, கேஸ் ஏற்ற வேண்டும். மணிக்கு 500 ரூபாய் என்று வைத்தாலே எட்டு மணி நேரத்துக்கு 4,000. காயில், கேஸ், ஜிஎஸ்டி தனி.

கே: எங்கள் தெரு மெக்கானிக் இரண்டே மணி நேரத்தில் முடிப்பேன் என்கிறாரே? (மதுரை வாசகர்)

ப: சில மாடல்களில் குளோவ் பாக்ஸைக் கழற்றினால் அந்தப் பக்கமாகவே காயிலை உருவிவிடலாம். உங்கள் வண்டி அந்த ரகமென்றால் அவர் கெட்டிக்காரர். இல்லையென்றால், கையில் ரம்பம் இருக்கிறதா என்று பாருங்கள்!

கே: யூடியூபில் பன்னிரண்டு நிமிடத்தில் டேஷ்போர்டைக் கழற்றுகிறார்கள். நானே முயலட்டுமா? (ஈரோடு வாசகர்)

ப: அதே யூடியூபில் மூன்று நிமிடத்தில் பிரியாணியும் வேகிறது. டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகும் அதன் சர்க்யூட்டில் சற்று நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். தயாரிப்பாளர் சொன்ன நிமிடங்கள் காத்திருந்துதான் தொட வேண்டும். ஏர்பேக் ஒயர் சாக்கெட் பெரும்பாலும் மஞ்சள் நிறம். நம் ஊரில் மஞ்சள் மங்களம். இங்கே மட்டும் 'கையை வைக்காதே'.

கே: மாட்டிய மறுநாளே கடகடவென்று சத்தம். மெக்கானிக் 'போகப்போகப் பழகிடும் சார்' என்கிறார். (தஞ்சை வாசகர்)

ப: வண்டிக்கா, உங்களுக்கா? வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் கழற்றும்போது உடையும். உடைந்ததற்குப் புது கிளிப் போடச் சொல்லுங்கள். மிச்சமான ஸ்க்ரூ இருந்தால் அதன் ஊர் பேர் விசாரியுங்கள்.

கே: டேஷ்போர்டுக்கு ஏன் அந்தப் பெயர்? (நாகர்கோவில் வாசகி)

ப: குதிரை வண்டிக் காலத்தில், குளம்பு வாரியடிக்கும் சேறு மேலே படாமல் முன்னால் வைத்த பலகை அது. குதிரை போய்விட்டது, பலகை நின்றுவிட்டது. இப்போது வாரியடிப்பது பில்.

கே: செலவைக் குறைக்க வழியே இல்லையா? (கோவை வாசகர்)

ப: கழற்றும் முன் நைட்ரஜன் பிரஷர் வைத்து, ஓட்டை காயிலில்தானா என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். பைப்பில் இருந்தால் டேஷ்போர்டு தப்பும். காயிலில்தான் என்றால் எக்ஸ்பேன்ஷன் வால்வு, ஓ-ரிங்குகளை அப்போதே மாற்றுங்கள். ஹீட்டர் காயில் கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சுமைகூலி எப்படியும் முக்கால் பணம்தான். கூடையில் சுண்டைக்காயோடு நாலு கத்தரிக்காயும் வரட்டுமே!