குன்றத்தூரில் அப்பா பெயர்: ஓர் ஒப்பாய்வு

ருஷ்யப் பெயருக்கு அங்கம் மூன்று: சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். யூரி அலெக்சேயெவிச் ககாரின் என்றால் அலெக்சேயின் மகன் யூரி, ககாரின் வீட்டுப் பிள்ளை. மகளானால் வால் மாறும்: வலெந்தினா விளாதிமிரோவ்னா தெரெஷ்கோவா. இம்மூன்று அங்கங்களும் குன்றத்தூரில் கிடைக்குமா என்பதே இவ்வாய்வின் பொருள்.

குடும்பப் பெயருக்கு வெளியூர் போக வேண்டாம். 12ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் பிறந்தவர் அருண்மொழித்தேவர். சோழனிடம் அமைச்சரானார், உத்தமசோழப் பல்லவராயன் என்று பட்டமும் பெற்றார். ஊருக்குத் தெரிந்ததோ சேக்கிழார் என்ற குடிப்பெயர் மட்டும். அதே குடியில் பிறந்த தம்பி பாலறாவாயருக்கு அந்தப் பெயரில் பங்கு கிடைக்கவில்லை. தல்ஸ்தோய் என்ற பெயரில் எழுதியவர்கள் ருஷ்யாவில் பலர். நமக்குத் தெரிந்தவர் லேவ் நிகலாயெவிச் ஒருவரே. அண்ணன் தம்பி வழக்கு அங்கேயும் இருந்திருக்கும்.

சிக்கல் அப்பா பெயரில்தான். ருஷ்யாவில் மேலதிகாரியை, ஆசிரியரை மரியாதையாக அழைக்க அப்பா பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவருடைய அப்பா பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். சண்டைக்கு வந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆகவே தமிழன் அப்பாவை ஓரெழுத்தாகச் சுருக்கி, புள்ளி வைத்து, முன்னால் உட்கார வைத்தான். ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் அந்த எழுத்தும் உதவாது. எஸ். செந்தில்குமார் இரண்டு பேர் ஏறினால், ஒருவர் ‘பெயின்ட் ஷாப் செந்தில்’, மற்றவர் ‘அசெம்ப்ளி செந்தில்’. அப்பா இருந்த இடத்தில் டிபார்ட்மென்ட்!

ருஷ்யாவிலிருந்து நாம் இறக்குமதி செய்ததோ இம்மூன்றில் எதுவுமில்லை, புனைபெயர். விளாதிமிர் இலியீச் உல்யானவ் வைத்துக்கொண்ட லெனினும், இயோசிஃப் விஸ்ஸரியோனவிச் ஜுகாஷ்விலி வைத்துக்கொண்ட ஸ்டாலினும் இங்கே தொட்டில் பெயர்கள். 1953 மார்ச் 1 அன்று பிறந்த மு.க. ஸ்டாலினிடம் முத்துவேல், கருணாநிதி என இரண்டு தலைமுறை இனிஷியலாக நிற்கிறது. ருஷ்யர்கள் தாத்தாவைச் சேர்ப்பதில்லை; அந்த வகையில் நாம் ஒரு படி மேல்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் ருஷ்ய அப்பாவுக்கே வெற்றி. மணமானால் அங்கே குடும்பப் பெயர் மாறலாம், அப்பா பெயர் மாறாது. அன்னா கரேனினா கணவன் வீட்டுப் பெயரைச் சுமந்தாலும் கடைசிவரை அர்க்காதியெவ்னாதான். குன்றத்தூர் முருகன் கோயிலில் தாலி ஏறியதும் இனிஷியலும் பெரும்பாலும் இடம் மாறிவிடுகிறது. மார்க் ஷீட்டில் அப்பா, ரேஷன் கார்டில் கணவர். இ-சேவை மையத்தில் ‘ரெண்டும் ஒரே ஆளா?’ என்று கேட்கிறார்கள்.