கரகரப்பு ரசிகர்

அமெரிக்காவின் பசிபிக் கரையில் இருக்கிறது வாஷிங்டன் மாநிலத்துக் கிரேலேண்ட். கடல் பார்க்க வந்தவர்கள் அங்கே விடிந்த பிறகு சாவகாசமாக எழுந்திருப்பார்கள். நம்மவர் இருட்டிலேயே எழுந்து விடுதி அறையைச் சோதனை போட ஆரம்பித்துவிடுவார். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவார். எல்இடி விளக்கை அணைப்பார். செல்போன் சார்ஜரைக் கழற்றுவார். எல்லாமே ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும் எதிரிகள். மனைவி போர்த்தியிருக்கும் மின்கம்பளியின் பிளக்கையும் ஒருமுறை ஏக்கத்தோடு பார்ப்பார். பார்ப்பதோடு சரி.

இவர்தான் டிஎக்ஸர். தொலைதூர மத்திய அலை நிலையங்களைத் தேடிப் பிடிப்பவர். கணீரென்று கேட்கும் நிலையம் எதுவும் இவர் கணக்கில் சேராது.

பகலில் அயனிமண்டலத்தின் டி அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். இரவில் அது கலைந்ததும் அலைகள் மேலே பட்டுத் திரும்பிக் கடல் தாண்டும். உப்புநீர் நல்ல மின்கடத்தி என்பதால், தாழ்வாக வரும் அலைக்குக் கரையோரத்தில் தனி பலம். கிழக்கே விடிந்து உள்நாட்டு நிலையங்கள் மங்கும்போது, மேற்கே ஜப்பானில் இன்னும் இரவு. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் முதல் நாளே மணல்மேடுகளின் ஓரமாக நூற்றுக்கணக்கான மீட்டர் கம்பியை இழுத்து வைத்திருக்கிறார். ஹெரால்ட் பெவரேஜ் என்ற பொறியாளர் 1921இல் காப்புரிமை பெற்ற ஆன்டெனா அது. நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் வேலி போடுகிறாரோ என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அமெரிக்காவில் நிலையத்துக்கு நிலையம் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, ஆசியாவில் 9. இந்தக் கணக்கு வித்தியாசம்தான் இவருடைய பிழைப்பு. ஜப்பானின் அகிதா நிலையம் 774இல் இருந்ததால், சியாட்டிலின் 770க்கும் சிகாகோவின் 780க்கும் நடுவில், ரிசர்வேஷன் இல்லாத பயணி மாதிரி ஒண்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. அதன் சக்தி 500 கிலோவாட்; கடந்து வந்த தூரம் 7,000 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு பாடுபட்டு வந்த, ஜப்பானின் பொது வானொலியான என்எச்கேயின் 2026 வரை ஒலித்த இரண்டாம் ஒலிபரப்பில் இவர் காதில் விழுந்தது பல நாள் என்ன தெரியுமா? ஜப்பானியர்களுக்கான ஆங்கிலப் பாடம்! பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவர், அந்த அரிச்சுவடி வாக்கியங்களை நேரம் போட்டுப் பயபக்தியோடு குறித்துக்கொள்வார். நிலையத்துக்கு எழுதி, கேட்டது உண்மைதான் என்று அத்தாட்சி அட்டை வாங்க வேண்டுமே.

567இல் முனகுவது வெலிங்டனா என்று சந்தேகம் வந்தால் செல்போனை எடுப்பார். இணையத்தில் ரேடியோ நியூசிலாந்து பிசிறில்லாமல் பேசும். அதை ரசிக்க அல்ல, ரேடியோவில் கேட்கும் கரகரப்பும் அதே குரல்தானா என்று ஒப்பிடத்தான். இணைய ஒலி சில நொடிகள் பின்தங்கியே வரும்.

“பார்த்தாயா, என் பெட்டியில்தான் முதலில் வந்தது!”

“என்ன சொன்னார்கள்?” என்று போர்வைக்குள்ளிருந்து மனைவி கேட்பார்.

“செய்தி.”

“என்ன செய்தி?”

அதற்குள் அவர் 1017க்குத் தாவி, டோங்கா வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.