மருதம் விட்டு நெய்தல் புகுதல்: மீன்தொட்டி குறித்த ஒரு திணை ஆராய்ச்சி

நன்னீர் மீன் வளர்த்துத் தேறியவன் ஒருநாள் கடல்மீன் தொட்டிக்கு, சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர் வாக்கில் 'மெரைனு'க்கு, மாறலாமா என்று தூக்கமிழக்கிறான். தொல்காப்பிய நெறியில் இது மருதத்திலிருந்து நெய்தலுக்குக் குடிபெயர்தல். எனவே முதல், கரு, உரி என்ற முறையிலேயே ஆராய்தல் தகும்.

முதற்பொருளில் முதன்மையானது உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ. 'தூத்துக்குடி உப்பு மலிவாயிற்றே' என்பது பூர்வபட்சம். சமையலுப்பில் கடலின் கால்சியமும் மக்னீசியமும் போதிய அளவில் இல்லை என்பதால் அது தள்ளுபடி. 'மெரினாவில் குடம் மொண்டால் என்ன?' என்பது அடுத்தது. கூவம் கடலில் கலக்குமிடத்தை ஒருமுறை முகர்ந்தவர் இதைக் கேட்பதில்லை. பெரும்பொழுதோ சென்னைக் கோடை. பவளத்துக்கு ஏறக்குறைய 25 டிகிரி வேண்டும். ஆகவே சில்லர் வேண்டும். வீட்டார் மின்விசிறியடியில் வெந்துகொண்டிருக்க மீனுக்குக் குளிரூட்டுவது பற்றித் தொல்காப்பியர் வாய்திறக்கவில்லை.

புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருகும்வரை சில வாரங்கள் மீனில்லாத தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இது முல்லையின் இருத்தல். பொறுமையிழந்து இராமேசுவரக் கரையில் ஒரு பவளக்கல்லைப் பையில் போட்டால் பாலையும் வந்து சேரும்: கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, சிறையென்றால் பிரிவுதானே. (கப்பி மீன் வளர்ப்பவன் குறிஞ்சியை விட்டே நகரவில்லை என்று வாதிடவும் இடமுண்டு. குட்டிகளை எண்ணிப் பார்க்க.)

கருப்பொருள்களின் ஒழுக்கம் நேரெதிர். நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே அரிது, சிறுநீர் கழிப்பதோ ஓயாது. கடல்மீன் ஓயாமல் கடலைக் குடித்துவிட்டுச் சொட்டுச்சொட்டாகக் கழிக்கும். கோமாளி மீன் கூட்டத்தில் பெண் இறந்தால் மூத்த ஆணே பெண்ணாகிவிடும். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள் என்பதால் கடலைக் கொள்ளையடிக்காமலும் வாங்கலாம்.

வழக்கு தீர்வது உரிப்பொருளில். மருதத்துக்கு உரியது ஊடல்: வாராவாரம் கூடத்தில் வாளி, ஈரத்தரை, பரத்தையின் இடத்தில் தொட்டி. நெய்தலுக்கு உரியது இரங்கல். இரண்டு மாதத்துக்கொருமுறை மின்கட்டணம் வரும்போது அது தொடங்கும். மரபில் இரங்குபவள் தலைவி, இங்கே தலைவன். தலைவி முன்பே சொல்லியாகிவிட்டது.

இவ்வளவுக்குப் பின்னும் ஆசை அடங்காதவருக்கு இலக்கணத்தில் திணைமயக்கம் என்றொரு வழி இருக்கிறது. கருப்பு மோலி என்ற நன்னீர் மீன். உப்பை மெல்ல மெல்லக் கூட்டினால் அது கடல்நீரிலும் வாழும். மோலிக்கு மெரைன் தொட்டியா என்று கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளித்துக்கொண்டே உப்பை எடைபோடுவார்.