கைப்பணமும் கால்நடையும்

ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஊரில் யாருக்கு எவ்வளவு நிலம், யார் பட்டாவில் யார் பெயர், எந்த அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. வேலை பெரும்பாலும் ஆன்லைனில்: பட்டா சிட்டா எடுப்பது, வில்லங்கம் பார்ப்பது, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, வீடு கேட்டு மனு அடிப்பது. மனு அடிப்பதில் எனக்கு ஜவ்வாது மலை முழுக்கக் கொஞ்சம் பேர் உண்டு. “மேற்படி மனுதாரர் சொந்த வீடின்றி மிகவும் அவதியுற்று வருவதால்” என்று நான் வாசித்துக் காட்டினால், எதிரே நிற்கிற மனுதாரருக்கே கண் கலங்கும். டைப் அடிக்கிற ஆளும் வாடகை வீட்டில் மிகவும் அவதியுற்று வருகிறான் என்பது அவருக்குத் தெரியாது.

எங்களுக்கு வீடு வேண்டியது போளூரில். மலையில் நிலம் என்றால் ஒன்று மலையாளிப் பழங்குடி மக்களுடையது, இல்லையென்றால் வனத்துறையுடையது. இரண்டிலும் எனக்கு வேலை இல்லை. போளூரில் மாமியார் வீடு இருக்கிறது, பிள்ளை படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது, ரயில் நிற்கிறது. ஆகவே போளூர்.

பணம் சேர்ப்பதற்கு ஜவ்வாது மலையைவிடத் தோதான இடம் கிடையாது என்பது மாமியாரின் சித்தாந்தம். “மேல இருக்கீங்க மாப்ள, என்ன செலவு? தியேட்டர் இருக்கா, ஜவுளிக்கடை இருக்கா, ஆசைப்பட்டாலும் ஒரு பரோட்டா ஸ்டால் தாண்டி என்ன இருக்கு?” கேட்கிறவருக்கு நியாயமாகத்தான் படும். அவர் கணக்கில் விட்டது சொந்தக்காரர்களை. மலைமேல் ஒருவன் குடியிருக்கிறான் என்று தெரிந்துவிட்டால், அவன் தமிழ்நாடு சுற்றுலாத் துறையின் சம்பளமில்லாத கிளை ஆகிவிடுகிறான். மே மாதம் பிறந்தால் வேன் வரும். பீமன் அருவிக்குக் கூட்டிப் போக வேண்டும். மழைக்காலத்தில் கொட்டுகிற அருவி மே மாதத்தில் பாறையைக் காட்டிக்கொண்டு நிற்கும். “தண்ணி எங்கடா?” என்று சித்தப்பா என்னைத்தான் கேட்பார். அந்த மனக்குறையைத் தீர்க்க ஏரியில் படகு. படகிலிருந்து இறங்கினால் பசி. கிளம்பும்போது சாமை, தேன், பலாப்பழம் ஏற்றாமல் அனுப்பினால் அடுத்த கல்யாணத்தில் அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

படித்த சொந்தக்காரர்கள் வந்தால் காவலூர். அங்கே வைணு பாப்பு ஆய்வகத்தில், 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. யுரேனஸுக்கு வளையம் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது காவலூரிலும் அதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். மைத்துனன் இதைக் கேட்டுவிட்டு, “இங்கேருந்து யுரேனஸே தெரியுது, உங்களுக்குப் போளூர்ல ஒரு வீடு தெரிய மாட்டேங்குதே மாமா” என்றான். அவனுக்கு அன்று பலாப்பழம் கொடுக்கவில்லை.

வீடு தெரியாமல் இல்லை. 28 லட்சத்துக்கு ஒன்று தெரிந்தது. இரண்டு அறை, மொட்டை மாடி, வாசலில் ஒரு வேப்பங்கன்று. வங்கிக்குப் போனோம். 30 லட்சம் வரைக்குமான வீட்டுக்கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீதி பத்து சதவீதம் நம் கையிலிருந்து. அதாவது 2 லட்சத்து 80 ஆயிரம். ஏறக்குறைய அவ்வளவு எங்களிடம் இருந்தது. மலை ஏறுகிற பஸ்ஸில் அத்திமூர் தாண்டுவதற்குள் என் மனைவி ஜன்னல் திரைக்கு நிறம் முடிவு செய்துவிட்டாள்.

பிறகு மதிப்பீட்டாளர் வந்தார். சுவரை விரலால் தட்டினார். மாடிப்படியை அளந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே யாரோ இருப்பதாகச் சந்தேகப்பட்டவர் மாதிரி வெகுநேரம் நின்றார். வேப்பங்கன்றைக் கண்டுகொள்ளவே இல்லை. 24 லட்சம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னோம். “அப்படியா? அப்ப அவர்கிட்டயே 24-க்கு வாங்கிக்கங்க” என்றார். வங்கிக்கு 24 லட்சம், வீட்டுக்காரருக்கு 28 லட்சம், நடுவில் இருக்கிற நான்கு லட்சத்துக்கு நாங்கள். 24-ல் 90 சதவீதம் 21 லட்சத்து 60 ஆயிரம். ஆக, கைப்பணம் 6 லட்சத்து 40 ஆயிரம்.

இதில் பத்திரச் செலவு சேரவில்லை. வீட்டு விலை 10 லட்சத்தைத் தாண்டினால் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் கடன் கணக்கில் சேர்க்கக் கூடாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. இந்த இரண்டு முன்பு நான்காக இருந்தது. 2023-ல் குறைத்தார்கள், கூடவே வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள். 28 லட்சத்துக்கு ஒன்பது சதவீதம் 2 லட்சத்து 52 ஆயிரம். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும் என்று 2025 ஏப்ரலில் ஒரு சலுகை வந்தது. என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டுமாம். எங்களுக்குப் பிடித்த தெருவில் 10 லட்சத்துக்கு வாசற்படியும் அந்த வேப்பங்கன்றும் வரும். புரோக்கர், வக்கீல் ஒப்பீனியன், வங்கியின் பிராசஸிங் என்று சில்லறைகளையும் கூட்டிப் பார்த்தால் 2 லட்சத்து 80 ஆயிரத்தில் கிளம்பியது 9 லட்சத்தைத் தாண்டிப் போய் நின்றது.

“மீதி முழுக்கவும் நீங்களே கொடுத்துவிட்டால் என்ன சார்?” என்று மேனேஜரைக் கேட்டேன். நல்ல மனிதர், டீ வரவழைத்தார். அமெரிக்காவில் அப்படித்தான் கைப்பணமே இல்லாதவர்களுக்கெல்லாம் கொடுத்தார்களாம். 2008-ல் பெரிய பெரிய வங்கிகள் கவிழ்ந்தனவாம். அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் 2010-ல் நம் ரிசர்வ் வங்கி வீட்டுக்கடனுக்கு இந்த உச்சவரம்பைப் போட்டது என்றார். “நீங்களும் கொஞ்சம் போட்டாத்தான் உங்களுக்கும் ஒரு பிடிப்பு இருக்கும்.” எங்கோ ஓர் அமெரிக்கன் தவணை கட்டாததற்கு ஜமுனாமரத்தூரில் நான் ஒன்பது லட்சம் தேடுகிறேன். டீ நன்றாக இருந்தது.

21 லட்சம் கொடுக்க ஆள் தயார், 9 லட்சத்துக்குத்தான் ஆள் இல்லை என்கிற இந்த நிலைமையை யாரிடம் சொன்னாலும் புரிந்துகொள்வதில்லை. பெரிய தொகை கிடைத்துவிட்டதே, சின்னதுக்கா கவலை என்கிறார்கள்.

சின்னதைச் சேர்க்கக் குடும்பத்தில் இரண்டு கட்சி. நான் தபால் ஆபீஸ் ஆர்.டி. கட்சி: 6.7 சதவீதம், ஐந்து வருஷம், சர்க்கார் காசு. மனைவி நகைச்சீட்டுக் கட்சி. பொதுவில் ஓர் ஏலச்சீட்டும் கட்டினோம். சீட்டு நடத்துகிறவரின் கமிஷன் 5 சதவீதமாக இருந்ததை 2019-ல் சட்டம் திருத்தி 7 ஆக்கியிருக்கிறார்கள். அது போக, அவசரக்காரன்தான் அதிகம் தள்ளி எடுப்பான் என்பது சீட்டின் தர்மம். எங்கள் குரூப்பில் அவசரமில்லாதவர் ஒரே ஒருவர். அவர் கடைசி மாதம் வரை சிரித்துக்கொண்டே கழிவை வாங்கினார். அவருக்கு ஏற்கெனவே இரண்டு வீடு. ஆர்.டி.யும் தங்கமும் போட்டி போட்டதில் யார் ஜெயித்தது என்பதைத் தங்கம் விற்கிற விலையைப் பார்க்கிற எவரும் யூகிக்கலாம். நான் அதைப் பற்றி வீட்டில் பேச்சு எடுப்பதில்லை.

மலையில் கைப்பணம் இல்லாமல் வீடு பெற்றவர்கள் இல்லாமல் இல்லை. பட்டறைக்காட்டுப் பக்கம் கல்திட்டைகள் இருக்கின்றன, குள்ளர் குகை என்பார்கள். நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரே கல்லில் மூடி, முன்கல்லில் வட்டமாக ஒரு துளை. பெருங்கற்காலத்துச் சமாச்சாரம். விரிசல் இல்லை, ஒழுகல் இல்லை, தவணை பாக்கி இல்லை. ஒரே நிபந்தனை, குடியேறுவதற்கு முன் செத்திருக்க வேண்டும்.

உயிரோடு வீடு கட்டுகிறவர் ஒருவர் என் கடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். மலைக்குள் தள்ளியிருக்கிற ஒரு சிற்றூர். மண்சுவர், புல்கூரை, உள்ளே சாமை மூட்டை வைக்கப் பரண் என்று அவர் அப்பா காலத்து வீடு. 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அவருக்கு வீடு வந்திருந்தது. 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். காகிதங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டே, “உங்களுக்கென்ன பெரியவரே, கைக்காசு இல்லாத வீடு” என்றேன். வயிற்றெரிச்சல்தான்.

பெரியவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “யாரு சொன்னா தம்பி? பேஸ்மட்டம் வரைக்கும் நாமதான் போடணும். ஓவர்சியர் வந்து போட்டோ புடிச்சப்புறம்தான் பில்லு.”

எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு வந்தது. சர்க்கார் கொடுக்கிற வீட்டுக்கே கைப்பணம் வேண்டும்! அடித்தளம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகுதான் அதற்கான பணம் வரும். முதல் கட்டத்தை முடிக்க முதலில் யாரிடமாவது பணம் இருக்க வேண்டும். மலையில் அதுவும் கூடுதல். ஜல்லியும் செங்கல்லும் கீழேயிருந்து டிப்பரில் ஏறி வர வேண்டும். கீழே ஒரு விலை, ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, மேலே வேறு விலை. ரோடு முடிகிற இடத்தில் டிப்பர்காரர் கொட்டிவிட்டுப் போய்விடுவார். அதற்கப்புறம் தலைச்சுமை.

“அந்தக் காசுக்கு என்ன பண்ணீங்க?”

பெரியவர் ரூபாயில் பதில் சொல்லவில்லை. விரலை மடக்கினார். “கல்லுக்கு மூணு ஆடு. ஜல்லிக்கு ரெண்டு. ஏத்துக்கூலிக்கு ஒண்ணு. கொத்தனாரு மட்டும் கெடாதான் வேணும்னுட்டாரு.” மடியை அவிழ்த்து, பிளாஸ்டிக் கவரில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுகளை எடுத்து எனக்குப் பிரிண்ட் காசு எண்ணித் தந்தார். நோட்டில் ஆட்டு வாடை அடித்தது. அது லிண்டலாக இருக்கலாம்.

அன்று ராத்திரி கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். என் ஆர்.டி. நூறு ரூபாய்க்கு வருஷத்தில் ஏழு ரூபாய்கூடத் தருவதில்லை. பெட்டை ஆடு ஈற்றுக்கு ஒன்றாவது போடும், பல சமயம் இரண்டு. வட்டிக்கு வட்டி என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது இதைத்தான். குட்டியும் குட்டி போடும். பாதகமும் உண்டு. வங்கி திவாலானால் 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் பட்டியே காலி. நீலநாக்கு நோய் வேறு. ஆட்டுக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு, காதில் வில்லை போட்டிருக்க வேண்டும். வில்லையை ஆடு வேலியில் மாட்டிக் கிழித்துக்கொண்டு வந்து நின்றால், அது நம் ஆடுதான் என்று நிரூபிப்பது நம் பொறுப்பு.

பெரியவர் வழி சொன்னார். ஆட்டை வாரத்துக்கு விடுவது: நாம் வாங்கிக் கொடுக்க வேண்டியது, அவர் மேய்ப்பார், குட்டியில் பாதி நமக்கு, பாதி அவருக்கு. சீட்டுக் கமிஷன் 7 சதவீதத்தோடு பார்த்தால் இந்த ஐம்பது சதவீதம் அதிகம்தான் என்றேன். “சீட்டுக்காரரு உன் காச மேய்க்கிறாரா தம்பி?” என்றார்.

நகைச்சீட்டுக் கட்சியிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. தங்கம் எவ்வளவு ஏறினாலும் குட்டி போடாது என்கிற ஒரே வாதத்தை வைத்தேன். நீண்ட யோசனைக்குப் பிறகு, சேமிப்பில் ஒரு சின்னப் பகுதிக்கு ஒப்புதல் கிடைத்தது, கணக்கு நோட்டு தன்னிடம் இருக்க வேண்டும் என்கிற நிபந்தனையோடு. மாமியாரிடம் இதைச் சொல்லவில்லை. போன மாதம் வங்கியில் கடன் விண்ணப்பத்தைப் புதுப்பிக்கப் போனபோது ‘இதர சொத்துகள்’ என்ற கட்டத்தில் ஆடு என்று எழுதினேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். டீ வரவில்லை.

எங்கள் பெட்டைகள் இரண்டும் ஈன்று, பங்கு பிரித்ததில் மூன்று குட்டிகள் எங்களுக்கு. எது எந்தச் செலவுக்கு என்று குழம்பாமல் இருக்க, மனைவி நோட்டில் பெயரிட்டே எழுதியிருக்கிறாள். கறுப்புத் தாய் ஆடு முத்திரைத் தீர்வை, வெள்ளைத் தாய் பதிவுக் கட்டணம். குட்டிகளில் ஒன்று வக்கீல், ஒன்று பிராசஸிங். இவை நாலும் பெட்டை, கொஞ்ச நாள் வைத்திருக்கலாம். புரோக்கர் மட்டும் கிடா. பக்ரீத்துக்குள் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்கிறார் பெரியவர்.