கருத்துக் கேட்கத் தேவையில்லாத உலோகம்

மலையைக் கட்டடம் என்று எழுதத் தெரிந்த அரசாங்கத்துக்கு வேறு எதுதான் எழுத வராது? போடி பக்கம் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலை நிற்கிறது. அதைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி உள்ளே வைத்து, நியூட்ரினோவைப் பிடிப்பதாகத் திட்டம். 2015 ஜனவரியில் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. டெல்லியின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அசரவில்லை. அடுத்த ஆண்டே அதே சுரங்கத்தைக் 'கட்டடம் மற்றும் கட்டுமானம்' என்ற பிரிவில் சேர்த்து மறுபடி அனுமதி கொடுத்தது. கல்யாண மண்டபம், வணிக வளாகம், அடுக்குமாடி, அம்பரப்பர் மலை! அந்தப் பிரிவில் ஒரு சௌகரியம்: ஊர்க்காரனைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டியதில்லை.

நியூட்ரினோ மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரையும் தொடாமல் பூமியையே ஊடுருவிப் போகிற சாது அது. தமிழக அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் முடியாது என்று சொன்ன பிறகு மலை அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் பொட்டிப்புரத்தில் பழகிய கை சும்மா இருக்குமா?

2025 செப்டம்பரில் அதே அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் தோண்டும் திட்டங்களுக்கு இனிப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே கிடையாது. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டனவாம். முக்கியக் கனிமம் என்று 2023-ல் 30 பெயர்களைப் பட்டியல் போட்டார்கள்; டைட்டானியம் அதில் ஒன்று. பொட்டிப்புரத்துக்காவது கட்டடம் என்று ஒரு பொய் எழுதும் சிரமம் இருந்தது. இப்போது அதுவும் மிச்சம்.

ஏன் இந்த அவசரம்? கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர்ப் பக்கம் 1,144 ஹெக்டேரில் தாது மணல் அள்ள மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் கிளம்பியது. 2024 அக்டோபரில் நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம், மீனவ ஊர்கள் கொதித்ததால் தள்ளிப்போனது. அடுத்த மாதம் மேலூரில் டங்ஸ்டன் ஏலம். அரிட்டாபட்டி ஜனங்கள் மதுரைக்கே நடந்து போய்விட்டார்கள். 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. நம் பெரியாற்றுத் தண்ணீர் கடைசியில் போய்ப் பாய்கிற ஊர் அல்லவா, கொஞ்சம் வீம்பு இருக்கும். இதிலிருந்து டெல்லி நல்ல பாடம் படித்தது: மக்களிடம் கேட்டால் மக்கள் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

'டைட்டானியத்துக்கும் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 999 வருடத்துக்குப் பெரியாற்றுக் காட்டை 1886-ல் வெள்ளைக்காரனுக்குக் குத்தகை எழுதிக் கொடுத்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கடற்கரையில்தான் இந்தக் கருமணல் கிடந்தது. 1909-ல் மணவாளக்குறிச்சியில் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் மணலில் மோனசைட்டைக் கண்டார். பின்னாலேயே டைட்டானியத் தாதுவான இல்மனைட்டும் கப்பலேறியது. அன்றைக்குப் போன மணல் இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அள்ளுகிற ஆள்தான் மாறியிருக்கிறான்.

2013 ஆகஸ்டில் தூத்துக்குடி ஆட்சியர் ஒருவர் வைப்பாறு பக்கம் தாது மணல் குவாரியில் சோதனை போட்டார். சோதனை முடிந்த கையோடு அவருக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. இவ்வளவு வேகமாக நம்மூரில் ஒரு பட்டா மாறுதல் நடந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் ககன்தீப் சிங் பேடி தலைமையில் ஒரு குழு, அறிக்கை, தடை. கடைசியில் 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டவிரோதமாக மணல் அள்ளிய கம்பெனிகளிடம் 5,832 கோடி ரூபாயை வசூலிக்கவும் சிபிஐ விசாரிக்கவும் உத்தரவிட்டது. 2013-க்கும் 2025-க்கும் நடுவே எத்தனை அலை வந்து போயிருக்கும்!

இந்தத் திருட்டுக்கு உலக அளவில் நல்ல உறவுக்காரர்கள் உண்டு. சோவியத் நாட்டை உளவு பார்க்க அமெரிக்கா எஸ்ஆர்-71 விமானம் கட்டியது. அதற்கு வேண்டிய டைட்டானியத்தைப் போலிக் கம்பெனிகளை முன்னே நிறுத்திச் சோவியத்திடமே வாங்கியது. உக்ரைன் போருக்குப் பிறகு, 2024 பிப்ரவரியில் கனடா ரஷ்யாவின் விஎஸ்எம்பிஓ-அவிஸ்மா டைட்டானியக் கம்பெனி மீது வீராவேசமாகத் தடை போட்டது. போட்ட கையோடு ஏர்பஸுக்கு விலக்குக் கொடுத்தது. அறம் பெரிதுதான், விமானம் அதைவிடப் பெரிது. ஆந்திரக் கடற்கரையும் தப்பவில்லை. அங்கே டைட்டானியம் எடுக்கும் உரிமத்துக்காக இந்திய அதிகாரிகளுக்குக் குறைந்தது 1 கோடியே 85 லட்சம் டாலர் லஞ்சம் கொடுக்கச் சதி நடந்ததாக 2014-ல் அமெரிக்க நீதித்துறை குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. உக்ரைன் கோடீஸ்வரர் டிமிட்ரோ ஃபிர்டாஷ் அதில் முக்கியப் பெயர். அவர் மறுத்தார்.

இவ்வளவு மணலும் போய் நமக்கு என்ன திரும்பி வருகிறது? பெரும்பங்கு வெள்ளைப் பொடியாக வருகிறது. சுவர்ப் பெயிண்ட், பற்பசை, முகத்துக்குப் பூசுகிற கிரீம், மாத்திரையின் மேல்பூச்சு. கருமணலில் மிதக்கிற தேசம் இந்த வெள்ளையைச் சீனாவிலிருந்து இறக்குமதி செய்துவிட்டு, மலிவாகக் கொட்டுகிறான் என்று 2025 மே மாதம் வரி போட்டு அழுதது. உலோகமாக்கும் வித்தையோ கேரளத்தின் சவறாவில், ஆண்டுக்கு 500 டன் கொள்ளளவுள்ள ஓர் ஆலையோடு நிற்கிறது. 2023-ல் ஆப்பிள்காரன் ஐபோன் 15 புரோவுக்கு டைட்டானியச் சட்டம் போட்டான். தேனியில் பையன்கள் தவணைக்கு வாங்கினார்கள். தவணை முடிந்ததோ இல்லையோ, 17 புரோவில் அலுமினியத்துக்குப் போய்விட்டான்.

எங்கள் பள்ளத்தாக்கில் டைட்டானியம் ஆழமாக இறங்கியிருக்கிற இடம் வேறு. விடியுமுன் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் ஜீப்புகள் நிற்கும். ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்களை அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி என்று மலையேறும். சில நாள் ஏதாவது ஒன்று கொண்டைஊசி வளைவில் கவிழும். ஆஸ்பத்திரியில் எலும்பு கூட்டும்போது கேள்வி வரும்: "யக்கா, ஸ்டீல் வைக்கவா, டைட்டானியம் வைக்கவா?" வட்டிக்கு வாங்கியாவது பிள்ளைகள் நல்லதையே வைக்கச் சொல்வார்கள். முழங்கால் மூட்டு மாற்று உறுப்புகளில் சராசரியாக 300 சதவீதத்துக்கும் மேல் லாபம் அடித்தது தெரிந்து, 2017-ல் விலைக்கட்டுப்பாட்டு ஆணையம் உச்சவரம்பு வைத்தது. டைட்டானிய மூட்டுக்கு 76,600 ரூபாய். அது குறைத்த பிறகான விலை. எலும்பில் வைக்கிற தகட்டுக்கு அந்தக் கருணையும் இல்லை.

ஆகவே டெல்லிக்கு ஒரு யோசனை. வீரபாண்டியிலிருந்து லோயர் கேம்ப் வரை எத்தனை இடுப்பு, எத்தனை தொடை, எத்தனை முழங்கை! எல்லாம் சுத்திகரித்த, தரமான, இறக்குமதிச் சரக்கு. கம்பம் பள்ளத்தாக்கை ஒரே கனிமத் தொகுதியாக அறிவித்து ஏலம் விடுங்கள். முக்கியக் கனிமம் என்பதால் அந்தப் பெண்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை. வலிக்கிறதா என்றுகூடக் கேட்க வேண்டாம். செத்தாலும் கனிமம் சேதமாகாது. டைட்டானியம் உருக 1,668 டிகிரி வேண்டும். எங்கள் சுடுகாட்டு விறகுக்கு அந்தத் தெம்பு கிடையாது. மறுநாள் சாம்பல் அள்ளப் போகிற மகன் ஆத்தாளின் தகட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டால், அது அனுமதி இல்லாமல் கனிமம் கடத்திய குற்றம். அவனிடம் லாரி இருக்காது, அன்றைக்கே பிடித்து உள்ளே போட்டுவிடலாம்.