ஆற்றுக்கு இன்று விடுமுறை

சட்டனூகா, டென்னசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு நமஸ்காரம்.

நான் பழைய படகொன்று வாங்கிய செய்தியைத் தொலைபேசியில் வாய்தவறிச் சொல்லிவிட்டதன் பயனாக, "எண்ணூரில் இல்லாத கிரீக்கா அமெரிக்காவில் இருக்கிறது? துடுப்புப் போடத்தான் ஆசையென்றால் இவனை எதற்குப் படிக்க வைத்தேன்?" என்று நைனா வினவியதாக எழுதியிருந்தீர்கள். வினாவின் பிற்பகுதிக்கு என்னிடம் விடை இல்லை. முற்பகுதிக்கு எழுதுகிறேன், பிழையிருந்தால் வழக்கம்போல் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புங்கள்.

கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்த பிறகு, கடலுக்குள் போகவும் மனமின்றித் திரும்பவும் வழியின்றி உப்பும் சேறுமாய்க் கிடக்கிறதே, அந்த நீர்ப்பரப்புக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் கிரீக். அதே சொல்லை இங்கே மலையுச்சியிலிருந்து பாறைக்குப் பாறை குதித்து விழும் குறுகலான ஓடைக்கு வைத்திருக்கிறார்கள். அவ்வோடையோடு சேர்ந்து, படகு சகிதமாக, புத்தி ஸ்வாதீனத்தில் இருக்கும்போதே விழுவதற்குக் 'கிரீக்கிங்' என்று நாமம்.

பெரும்பாலோர் இதற்குக் கயாக் என்னும் படகில் காலை நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் இலையுள்ள துடுப்பால் துழாவுகிறார்கள். வாடகைக் கயாக்கில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். அந்த இரட்டைத் துடுப்பு என் கைக்குப் படியவே இல்லை. மண்டியிட்டு ஒற்றைத் துடுப்புப் போடுகிற கனூக்காரர்களும் உண்டெனினும் அவர்கள் சொற்பம். சொற்பமானவர்களுக்குப் படகு வார்த்துத் தருகிற கம்பெனிகளும் சொற்பம். ஆகையால் பழைய கயாக்கை வாங்கி, ஆசனத்தைப் பெயர்த்தெறிந்துவிட்டு, நுரைக்கட்டையைக் குதிரைச் சேணம்போல் செதுக்கி நடுவே ஒட்டி, தொடைக்குப் பட்டி பூட்டி, மண்டியிடத் தோதாக மாற்றிக்கொள்வதே இவ்விடத்துச் சம்பிரதாயம்.

பழையதைத் தேர்ந்தெடுப்பது பெண் பார்ப்பதினும் சிரமமான காரியம். மண்டியிட்டால் உடற்பாரம் மேலே ஏறிவிடுமாதலால் ஒல்லியானது உதவாது. அகலமாய், வயிறு உப்பி, அருவியடியில் அமிழ்ந்தாலும் தக்கைபோல் மேலெழும்படி மூக்கு உயர்ந்து வளைந்திருக்க வேண்டும். பின்தளம் தாழ்வாக இருந்தாலோ, மடக்கிய பாதம் நுழையாது. விற்கிறவர் வீட்டுப் புல்வெளியில் படகை வெயிலில் நிறுத்தி, நான் தலையை அதன் துவாரத்துக்குள் விட்டுப் பார்த்தேன்: பாறையில் உராய்ந்து பிளாஸ்டிக் மெலிந்த இடங்கள், நைந்துபோன வேட்டியைப் போல, வெளிச்சத்தைக் கசியவிடும். ஆசனத்துக்கு நேர் அடியில் உள்ளங்கையளவு ஒன்று மஞ்சளாய்த் தெரிந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், அமுங்கி, உடனே மீண்டது. விரிசல் இல்லை. பிறகு உள்ளே மண்டியிட்டு, கண்ணை மூடி, இடமும் வலமும் ஆடிப் பார்த்ததில், எதிர்வீட்டு அம்மாள் அதைப் பிரார்த்தனை என்றே நினைத்துத் தன் நாயைக் குரைக்கவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

நானூறு டாலர் சொன்னார். முந்நூற்றைம்பதுக்கு இறங்கிவரும் தறுவாயில் பெருமை என்னைக் கெடுத்தது: என் தகப்பனாரிடம் கட்டுமரம் இருந்தது என்றேன். டாம்பியர் என்ற மாலுமி 1697-இலேயே நம் கட்டுமரத்தைத் தன் புஸ்தகத்தில் எழுதியதும், ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல் கௌரவம் பெருகி, இரட்டை உடல் கொண்ட உல்லாசக் கப்பலுக்குப் பெயராகிவிட்டதும் அந்தக் கணத்தில் மறந்துபோயின. மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நானூறிலேயே நின்றுவிட்டார்.

படகு வந்தது, ஆறு வரவில்லை. 1996 ஒலிம்பிக்கில் படகுப் பந்தயம் நடந்த ஓகோயி ஆறு இங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். போய்ப் பார்த்தால் வெறும் பாறை! 1913-இல் அணை கட்டி, மலைச்சரிவில் ஏறத்தாழ ஐந்து மைல் நீள மரக்கால்வாய் போட்டு, ஆற்றை அப்படியே அதில் ஏற்றி மின்சாரம் எடுக்க அனுப்பிவிடுகிறார்கள். 1976-இல் கால்வாய் பழுதான பின், அதைப் புதுப்பித்து 1983-இல் மீண்டும் திறக்கும்வரை ஆறு தன்னிச்சையாய் ஓடியிருக்கிறது; அந்த ருசி கண்ட படகோட்டிகள் போராடிப் பெற்ற வரம், குறித்த நாளில் குறித்த மணிக்கு மட்டும் ஆறு. காலையில் ஆறு திறக்கும். மாலையில் ஆறு மூடும். இன்று ஆற்றுக்கு விடுமுறை என்று கைபேசியில் அறிவிப்பு வரும். நம்மூரில் மின்வெட்டுக்கு அட்டவணை போட்டார்கள். இங்கே மின்சாரத்துக்காக ஆற்றுவெட்டு. நைனாவிடம் இதைச் சொன்னால், ஆற்றுக்குப் பென்ஷன் உண்டா என்று கேட்பார்.

சிரிப்பு வந்தாலும் பொறாமையும் வருகிறது, சித்தப்பா. பொழுதுபோக்குக்குத் துடுப்புப் போடுகிறவன் கேட்டதற்கு இங்கே ஆற்றையே திறந்துவிடுகிறார்கள். எண்ணூரில் பிழைப்புக்குத் துடுப்புப் போட்டவர்களின் ஆறோ சாம்பல் படிந்து தூர்ந்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது அதை வாளியால் மொண்டவர்களும் அவர்களே. அந்த வாரம் நைனா சட்டையைக் கழற்றி எறிந்ததையும், அம்மா அதைத் துவைக்காமலே எரித்ததையும் நீங்கள்தான் எழுதினீர்கள்.

ஆறு விடுமுறையில் இருந்தபடியால் படகை ஓர் ஏரியில் இறக்கினேன். அலை இல்லை, காற்று இல்லை; கவிழ்ந்தேன். இரண்டாம் முறை அரைமணி தாக்குப்பிடித்துக் கரையேறினால், இடுப்புக்குக் கீழே கால்கள் என்னுடையவையாக இல்லை. தவழ்ந்து வந்த என்னைக் கண்டு ஒரு பெண்மணி ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்றாள்.

ஆகவே ஓர் உபகாரம். நள்ளிரவில் போய் வெயில் ஏறித் திரும்பும்வரை நைனா கட்டுமரத்தில் மண்டியிட்டே இருந்தாரே, முட்டிக்கு அடியில் சாக்கு மடித்துப் போடுவாரா, அல்லது அந்தக் கறுத்த காய்ப்புத்தான் அவருக்கு மெத்தையா என்பதை, நான் கேட்டதாகச் சொல்லாமல், பேச்சுவாக்கில் விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மகன்